கடைசி இருபது விநாடி எங்கே போகிறது?

கேள்வி: பாதையில் கிடக்கும் பாறைகளை அகற்றி, பாலம் கட்டி, பூதங்களை விரட்டும் மாயலோக விளையாட்டு ஒன்றை ஓய்வு நேரத்தில் ஆடுகிறேன். உணவு, மரம், கல், தங்கம் சேர்த்து, ஆட்களை அனுப்பி வேலை வாங்க வேண்டும். முதல் பத்து லெவல் வரை மூன்று ஸ்டார் சுலபமாகக் கிடைத்தது. இப்போது பதினாறாவதில் மாட்டிக்கொண்டேன். எவ்வளவு வேகமாகக் கிளிக் செய்தாலும் 20, 30 விநாடி பிந்திவிடுகிறது. எல்லாக் கட்டடத்தையும் உடனுக்குடன் அப்கிரேட் செய்கிறேன், வழியில் கிடக்கும் எதையும் விடுவதில்லை. எங்கே தவறு? மூன்று ஸ்டார் வாங்காவிட்டால் பின்னால் சிக்கல் வருமா?

பதில்: அடுத்த முறை லெவல் முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். ஸ்டார் எத்தனை என்று பார்க்கும் முன், கையிருப்பைப் பாருங்கள். 12 கல், 9 மரம் என்று ஏதாவது மிஞ்சியிருக்கும். அது அடுத்த லெவலுக்கு வராது. அந்த 12 கல்லைக் கொண்டுவர உங்கள் ஆட்கள் நடந்த நடைதான் நீங்கள் தேடும் 20 விநாடி.

நானும் இதில் அடிபட்டவன்தான். ஒரு லெவலில் 11 விநாடி வித்தியாசத்தில் மூன்றாவது ஸ்டார் தவறிக்கொண்டே இருந்தது. விரல் வேகம் போதவில்லை என்று நினைத்து, மவுஸைக்கூட மாற்றினேன். பிறகு ஒருநாள் கடைசி ஒரு நிமிடத்தை நிதானமாகக் கவனித்தபோதுதான் தெரிந்தது: கோபுரத்துக்குத் தேவையான கல் ஏற்கெனவே கையில் இருக்கிறது, இரண்டு ஆட்கள் குவாரிக்கும் தாங்கள் தங்கும் குடிசைக்கும் சும்மா நடந்துகொண்டிருக்கிறார்கள். அனுப்பியது நான்தான். குவாரியின் மேல் "கல் தயார்" என்று குறி மின்னினால் கை தானாகப் போய்விடுகிறது!

பெரிய வியூக விளையாட்டுகளை ஆடிப் பழகியவர்களுக்கு இந்தப் பழக்கம் இன்னும் அதிகம். 1997இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸிலும் இதே நான்கு பொருள்கள்தான். 50 உணவு கொடுத்து ஓர் ஆளை உருவாக்கி, அந்த ஆளை வைத்து மேலும் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஆட்டம் எப்போது முடியும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால் அங்கே எவ்வளவு வளர்ந்தாலும் லாபம். உங்கள் விளையாட்டில் ஒரு லெவல் நாலைந்து நிமிடத்தில் கடையைச் சாத்திவிடுகிறது. சாத்தப்போகிற கடைக்கு யாரும் சரக்கு இறக்குவதில்லை.

இனி அப்கிரேட் கணக்கு. எண்கள் விளையாட்டுக்கு விளையாட்டு மாறும், கணக்குப் போடும் விதம் மாறாது. மரம் அறுக்கும் மில் 20 விநாடிக்கு 2 மரம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 மரம் செலவழித்து உயர்த்தினால் 3 மரம் தரும். அதாவது 20 விநாடிக்கு ஒரு மரம் கூடுதல். போட்ட 6 மரம் திரும்பி வரவே 120 விநாடி ஆகும். மூன்று ஸ்டாருக்கு 4 நிமிடம் என்றால், 40ஆவது விநாடியில் உயர்த்தி முடித்த மில் 2:40க்குத்தான் போட்ட மரத்தை மீட்கிறது. கடைசி அரை நிமிடத்தில் வரும் மரம் எந்த வேலைக்கும் உதவாது. ஆக, நிகர லாபம் இரண்டே மரம். அதே அப்கிரேடை இரண்டு நிமிடத்துக்குமேல் செய்தால் முழு நஷ்டம், அதைக் கட்டப் போன ஆளின் நேரமும் சேர்த்து. பாதி நேரம் தாண்டிய பிறகு எந்தக் கட்டடத்தையும் உயர்த்துவதில்லை என்று நான் எனக்கு வைத்திருக்கும் விதி இதிலிருந்து வந்ததுதான். இலக்கே "மில்லை மூன்றாம் நிலைக்கு உயர்த்து" என்றிருந்தால் மட்டும் விலக்கு.

குடிசையை உயர்த்தி இரண்டாவது ஆளைப் பெறுவது இந்தக் கணக்கில் அடங்காது. ஒரு வேலைக்குப் போய்த் திரும்ப சராசரி 8 விநாடி என்றால், மீதி மூன்று நிமிடத்தில் ஓர் ஆள் 22 வேலை முடிப்பான். அதைவிட லாபமான முதலீடு வரைபடத்தில் வேறு கிடையாது. ஆனால் வேலைக்கு ஓர் உணவு கேட்கும் விளையாட்டாக இருந்தால், 22 வேலைக்கு 22 உணவு எங்கிருந்து வரும்? இதை யோசிக்காமல் ஆளை மட்டும் கூட்டினால் இருவரும் குடிசை வாசலில் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் முதலில் பழப் புதரோ பண்ணையோ, பிறகு ஆள், பிறகு மில், அதன்பின் கல்லும் தங்கமும் என்பதே பெரும்பாலான லெவல்களுக்குப் பொருந்தும் வரிசை.

தூரத்தையும் கவனியுங்கள். குடிசைக்குப் பக்கத்தில் 2 மரம் தரும் கட்டை, போய்வர 6 விநாடி. மூலையில் 3 மரம் தரும் குவியல், போய்வர 18 விநாடி. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது குவியல், ஆனால் அது கொடுக்கும் வேகம் கட்டையின் வேகத்தில் பாதிதான். பாதைக்குக் குறுக்கே கிடந்தால் எடுத்தே ஆக வேண்டும், ஒதுக்குப்புறத்தில் கிடந்தால் விட்டுவிடுங்கள். உங்களுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பதினாறாவது லெவலை எப்படி அணுகுவது? பின்னாலிருந்து வாருங்கள். 1950களின் பிற்பகுதியில் டியூபாண்ட் நிறுவனம் தன் ரசாயன ஆலைப் பணிகளைத் திட்டமிட "கிரிட்டிக்கல் பாத்" என்ற முறையை உருவாக்கியது. ஒன்று முடிந்தால்தான் மற்றொன்று தொடங்கும் என்கிற வேலைகளைச் சங்கிலியாகக் கோத்து, அவற்றில் மிக நீளமான சங்கிலியைக் கண்டுபிடிப்பதுதான் அதன் சாரம். மொத்த நேரத்தைத் தீர்மானிப்பது அந்தச் சங்கிலி. அதில் இல்லாத வேலையை எவ்வளவு வேகமாக முடித்தாலும் கடிகாரத்துக்கு அது தெரியாது.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, உங்கள் லெவலின் கடைசி இலக்கை எழுதுங்கள். கோபுரத்தைச் சீரமைக்க வேண்டும் என்றால், அதற்கு எவ்வளவு கல்? கோபுரத்துக்குப் போகும் வழியில் பூதம் நிற்கிறதா? அதை விரட்ட வீரன் வேண்டும், வீரனுக்குப் படைவீடு வேண்டும், படைவீட்டுக்குத் தங்கம் வேண்டும், தங்கச் சுரங்கம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அதற்குப் பாலம். ஆக, பாலம்தான் முதல் வேலை. அதைக் கட்டவே 25 விநாடி ஆகலாம். அந்த 25 விநாடியில் இன்னோர் ஆள் பக்கத்து வேலைகளைப் பார்க்கட்டும். இலக்குப் பட்டியலில் பாலம் மூன்றாவதாக எழுதியிருக்கிறது என்பதற்காகக் கடைசியில் அதைத் தொடுகிறவர்கள்தான் பெரும்பாலோர். பாலத்தில் தொடங்கி கோபுரம் வரை மொத்தம் எவ்வளவு மரம், கல், தங்கம் என்று கூட்டிவிட்டால், எப்போது குவாரிப் பக்கம் போவதை நிறுத்துவது என்பதும் தெரிந்துவிடும். ஒன்று அளவுக்கு மேல் இருந்து மற்றொன்று போதாமல் இருந்தால் சந்தையில் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்த மாற்றுக்கும் ஒரு ஆள் நடக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். பல விளையாட்டுகளில் கிளிக் செய்த நொடியே பொருள் கழிந்துவிடும், ஆள் போய்ச் சேர்வது பிறகுதான். தொலைவில் இருக்கும் வேலையை அவசரப்பட்டு வரிசையில் போட்டால், பக்கத்து வேலைக்கு வேண்டிய மரம் அங்கே முடங்கிவிடும். அடுத்தது, வேகமாக ஓட வைக்கும் மாயசக்தி. திரையில் அதற்கான பட்டை நிரம்பியதும் பயன்படுத்துங்கள். "முக்கியமான நேரத்துக்கு" என்று சேமிக்கிறவர்கள் லெவலுக்கு ஒருமுறைதான் உபயோகிக்கிறார்கள், உடனே செலவழிப்பவர்களுக்கு அது மூன்று நான்கு முறை நிரம்புகிறது.

மூன்று ஸ்டார் இல்லாவிட்டால்? பொதுவாக இந்த வகை விளையாட்டுகளில் கதை நிற்காது, அடுத்த லெவல் திறந்துவிடும், எப்போது வேண்டுமானாலும் திரும்பி வந்து ஆடலாம். ஸ்டார் குறைந்தால் போனஸ் லெவலோ பரிசுக் கோப்பையோ பூட்டியபடி இருக்கலாம், அவ்வளவே. டைமர் இல்லாத நிதான முறை இருந்தால் பதினாறாவதை ஒருமுறை அதில் ஆடி, எது எங்கே இருக்கிறது, எதன் பின்னால் எது திறக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வைரக்கல் வாங்கினால் நேரம் கூடும் என்று விளம்பரம் வந்தால் இப்போதைக்குத் தொடவேண்டாம். 20 விநாடிப் பற்றாக்குறை காசு கொடுத்து அடைக்க வேண்டிய அளவு பெரியதில்லை. முதலில் அந்த மூலைக் குவியலை விட்டுப் பாருங்கள்.