விட்டுப்போன ஒற்று

அன்புள்ள ஐயா,

எங்களுடையது மேலூர்ப் பக்கத்துக் கிராமம். அரையாண்டு லீவில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேர் சேர்ந்து தொடக்கப்பள்ளிக் காம்பவுண்டுச் சுவரில் படம் வரைந்தார்கள். சின்னப் பிள்ளைகள் வாசிக்கப் பழகியதைக் கொண்டாடத்தான். பெரிய வேப்பமரம், இலைக்கு இலை ஓர் எழுத்து. பக்கத்தில் ‘இது நம்ம பள்ளிகூடம்’ என்று எழுதிவிட்டார்கள். ‘க்’ இல்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், மொத்தத்தையும் சுண்ணாம்பு அடித்து அழியுங்கள் என்கிறார். பிள்ளைகள் முகம் வாடிக் கிடக்கிறார்கள். படம் இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அழிக்க வேண்டாம். ஆனால் தமிழாசிரியர் ஐயாவின் கோபம் நியாயம்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குச் சுவரில் இருப்பதுதான் சரியான தமிழ்.

அவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் மாங்குளம் மலைக்குப் போய்வாருங்கள். பாண்டியன் நெடுஞ்செழியன் பேர் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது, தமிழின் பழைய எழுத்தான தமிழியில். சமணத் துறவிகளுக்குக் குகையில் இடம் அமைத்துக் கொடுத்த செய்தி, 2,000 ஆண்டுக்கு மேல் பழையது. அதில் ‘பள்ளி’ என்பதை ‘பளிஇய்’ என்று ஒற்றை ளகரத்தோடு வெட்டியிருக்கிறார்கள். துறவிகள் தங்கிய இடத்துக்குப் பேர் பள்ளி. உங்கள் சுவரில் இருப்பதும் அதே சொல்தான். அந்த எழுத்தில் அன்றைக்குப் புள்ளியும் கிடையாது. வாசித்தவர்கள் விட்டதைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். (இதைப் பத்தாம் வகுப்புக்காரர்களிடம் அழுத்திச் சொல்லாதீர்கள். பரீட்சையில் சாக்காகச் சொல்வார்கள்.)

நானும் அப்படித்தான் பழகினேன். டவுன் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து மதுரைச் சுவர்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டுவேன். முழுசாகப் படித்த முதல் வாக்கியம் ‘இங்கு நோட்டீஸ் ஒட்டாதீர்’. அதன் மேலேயே நாலு நோட்டீஸ் ஒட்டியிருந்ததால் கண்ணுக்குத் தெரிந்தது ‘நோட்’டும் ‘தீ’யும்தான். மீதியை நானாகப் போட்டுப் படித்து, சரிதானா என்று அப்பாவைக் கேட்டேன். அவர் சிரித்ததில் பக்கத்து சீட்காரர் தூக்கம் கலைந்து எழுந்துவிட்டார்.

சரி, சுவருக்கு வருவோம். நோட்டில் எழுத்து விட்டுப்போனால் கீழே கூரை மாதிரி ஒரு குறி போட்டு மேலே எழுதுவோமே, அப்படியே செய்யுங்கள். சிவப்புப் பெயிண்டில், பெரிசாக, மறைக்காமல். குறியை ஐயா போடட்டும், ‘க்’ பிள்ளைகள் எழுதட்டும். மார்கழிப் பனியில் சுவர் ஈரமாக இருக்கும். வெயில் ஏறிய பிறகு ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் பெயிண்ட் உரிந்து வந்துவிடும்.

எனக்கு அந்தப் படத்தில் வேறொரு குறை தெரிகிறது. எழுத்தெல்லாம் என் உயரத்தில் இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரலை வைத்துத் தடவித் தடவிப் படிக்கும், அதற்கு எட்டாது. மரத்தடியில் வெறும் மண்ணாக விட்டிருக்கிறீர்களே, அங்கே கொஞ்சம் இலை உதிரட்டும். வேப்பமரம்தானே, உதிர்ந்தால் யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள்.