‘ஆயர்’னு போட்டீங்களே, எந்த ஆயர்?

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். கத்தோலிக்கக் குருவாகப் பயிற்சி தரும் குருமடத்தில் ஏழு வருஷம் படித்துவிட்டு, நமக்கு இது ஆகாது என்று வெளியே வந்தவன். அப்புறம் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டினேன். மதச் செய்திகளில் நிருபர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரர்: எங்க சபை ஆயரை ஒரு செய்தியில ‘பிஷப்’னு போட்டுட்டாங்க. இது கூடவா தெரியாது?

தெரியாதுதான் அண்ணே. தமிழில் இருக்கிற பெரிய கண்ணியே இதுதான். கத்தோலிக்கர்களுக்கு ஆயர் என்றால் பிஷப், பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். உங்கள் சிஎஸ்ஐயில் பேராயர்தான் பிஷப். ஆயர் என்பவர் ஒரு சபையைப் பார்த்துக்கொள்கிற குருவானவர். சொல் ஒன்று, பதவி இரண்டு.

ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு செய்தி வந்தது. ‘ஆயர் தன் மனைவி, பிள்ளைகளுடன் வந்து விழாவைத் தொடங்கி வைத்தார்.’ பக்கத்து மேசைப் பையனுக்குக் கண் விரிந்துவிட்டது. “சார், பிஷப்புக்குப் பொண்டாட்டி புள்ளைங்களா? முதல் பக்கத்துல போடலாம் சார்!” அவனை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னேன்: 1947இல் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் எனப் பல சபைகள் சேர்ந்து உண்டானது சிஎஸ்ஐ, அங்கே குருமாருக்குக் கல்யாணத் தடை கிடையாது, பெண்களும் குருப்பட்டம் பெறலாம். 2013இல் ஆந்திராவில் நந்தியால் பேராயத்துக்கு ஒரு பெண்மணியே பேராயராக வந்துவிட்டார். பையன் டீயைக் குடித்துவிட்டு, “அப்ப இது செய்தியே இல்லையா சார்?” என்றான். நாலு வரி உள்பக்கத்தில் போனது.

காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி: யாரைப் புடிச்சாலும் ‘பாதிரியார் கைது’ன்னே போடுறாங்களே அண்ணா?

பாதிரி என்பது போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். நம்ம ஜனம் ஃபாதர் என்கும், சாமி என்கும், சிஎஸ்ஐயில் ஐயர் என்கும், எந்தப் பெரிய சபையோடும் சேராத தனிச்சபைகளில் பாஸ்டர் என்கும். செய்திக்கு எல்லாரும் பாதிரியார். தனிச்சபை போதகர் ஒருவர் கைதானால், பழைய படக்கோப்பிலிருந்து வெள்ளை அங்கி போட்ட யாரோ ஒரு ஃபாதரின் நிழற்படம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

பயிற்சியிலும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். கத்தோலிக்கக் குருவாக, பள்ளிப் படிப்புக்கு அப்புறம் பத்து வருஷத்துக்குக் குறையாமல் ஆகும். தத்துவம், நடுவில் பங்கிலோ பள்ளியிலோ களப்பணி, பிறகு நாலு வருஷம் இறையியல், அப்புறம் திருத்தொண்டர் பட்டம், கடைசியில்தான் குருப்பட்டம். சிஎஸ்ஐ, லுத்தரன் சபைகளில் கீழ்ப்பாக்கம் குருகுல் போன்ற இறையியல் கல்லூரிகளில் பட்டம் வாங்க வேண்டும். தனிச்சபையில் ஒருவர் இரண்டு வருஷம் வேதாகமக் கல்லூரிக்குப் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். அதைக் குறை சொல்ல வரவில்லை. எந்தச் சபை, யார் பட்டம் கொடுத்தது என்று கேட்காமல் எழுதினால் செய்தி பாதிதான்.

இன்னொன்று. குருமட மாணவரை ‘பிரதர்’ என்று கூப்பிடுவோம். அதை மொழிபெயர்த்து, ‘பாதிரியாரின் சகோதரரும் உடன் இருந்தார்’ என்று ஒரு செய்தி என் கைக்கே வந்திருக்கிறது.

புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு அக்கா: நீங்க தப்பே விட்டதில்லையா?

விட்டிருக்கிறேன் அக்கா. புனித வெள்ளி ராத்திரி, படத்துக்குக் கீழே ‘சிறப்புத் திருப்பலியில் திரளானோர் பங்கேற்பு’ என்று வந்ததை அப்படியே விட்டேன். புனித வெள்ளியன்று எந்தக் கத்தோலிக்கக் கோயிலிலும் திருப்பலியே, அதாவது பூசையே, கிடையாது. பெரிய வியாழன் பூசை முடிந்ததும் பீடத்துணியை உருவிவிடுவார்கள். மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். மறுநாள் இயேசு பட்ட பாடுகளின் வழிபாடு, சிலுவை முத்தி. கொடுக்கிற நற்கருணை அப்பம்கூட முந்தின நாள் அர்ச்சித்து வைத்தது. காலையில் அம்மா பேப்பரை மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். “ஏழு வருஷம் உனக்கு என்னத்தடா சொல்லிக் குடுத்தாங்க?” அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

‘புனித வெள்ளி வாழ்த்துகள்’ என்று போடுகிற தலைவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். துக்க வீட்டு வாசலில் நின்று வாழ்த்துச் சொல்கிற மாதிரி அது.

மண்ணடியிலிருந்து ஒரு பாய்: ‘ஃபத்வா பிறப்பித்தார்’னு எழுதுறது சரியா?

சரியில்லை பாய். ஒருவர் கேட்ட கேள்விக்கு மார்க்கச் சட்டம் படித்த முஃப்தி சொல்கிற மார்க்கக் கருத்துதான் ஃபத்வா. அரசாணை மாதிரிப் பிறப்பிக்க அதில் ஒன்றும் இல்லை. அதற்குச் சட்ட வலு கிடையாது என்று 2014இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தொழுகை நடத்துகிற பேஷ் இமாமுக்கும் முஃப்திக்கும், பள்ளிவாசலை நிர்வகிக்கிற முத்தவல்லிக்கும் பாங்கு சொல்கிற மோதினாருக்கும் வித்தியாசம் தெரியாமல் எல்லாரையும் ‘மதகுரு’ என்று ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். ஜமாஅத் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற இமாம், பள்ளிவாசல் கணக்குவழக்கு விஷயத்தில் உத்தரவு போட முடியாது. அது முத்தவல்லி பாடு.

மதரஸாவும் அப்படித்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் சாயங்காலம் ஒரு மணிநேரம் ஓதப் போவது மக்தப் மதரஸா. பல வருஷம் தங்கிப் படித்து ஆலிம், அதாவது மார்க்க அறிஞர், ஆவது அரபுக் கல்லூரி. நம்ம பெரம்பூர் ஜமாலியா அந்த வகை. டியூஷன் சென்டரையும் மருத்துவக் கல்லூரியையும் ஒன்றாக எழுதுவீர்களா?

திருவொற்றியூரிலிருந்து ஒரு மாணவி: கோயில் செய்திகள்ல என்ன தப்பு வருது சார்?

உங்க ஊரிலேயே இருக்கிறதே அம்மா. ஆதிபுரீஸ்வரர் சன்னதியில் இருப்பது புற்று. வருஷம் பூரா கவசத்துக்குள் இருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் கவசம் திறந்து புனுகுச் சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். அதைப் போய் ‘சிலைக்கு எண்ணெய் அபிஷேகம்’ என்று எழுதினால் ஒற்றியூர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்களா?

அர்ச்சகர் பயிற்சிச் செய்திகளிலும் குழப்பம்தான். பயிற்சி முடிப்பது வேறு, வேலையில் உட்காருவது வேறு. அரசின் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளில் எல்லாச் சாதியிலிருந்தும் 200 பேருக்கு மேல் படித்து முடித்தது 2008 வாக்கில். வழக்கு இழுத்து 2015இல் தீர்ப்பு வந்து, முதல் ஆள் நியமனமானது 2018. அப்புறம் 2021 ஆகஸ்ட் 14 அன்றுதான் ஒரே நாளில் 24 பேர். சான்றிதழ் வாங்கிய படத்தைப் பார்த்ததும் ‘கருவறைக்குள் நுழைந்தார்கள்’ என்று எழுதிவிட்டால், நடுவில் போன அத்தனை வருஷமும் காணாமல் போய்விடுகிறது.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு அண்ணன்: ஆடி மாசக் கூழை ‘ஏழைகளுக்கு அன்னதானம்’னு டிவில சொன்னாங்க.

பார்த்தேன். அம்மனுக்குப் படைத்த கூழ். கார் வைத்திருப்பவரும் சொம்பை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார். கருவாட்டுக் குழம்பை மட்டும் காட்டவே இல்லை, கவனித்தீர்களா?

புதிதாகச் சேர்ந்த நிருபர் ஒருவர்: நான் என்ன செய்யணும் சார்?

பெரியவரின் பேட்டிக்கு முன்னால் ஒரு மணிநேரம் சீக்கிரம் போங்கள். மாதா கோயில் என்றால் கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை, பள்ளிவாசல் என்றால் மோதினார், அம்மன் கோயில் என்றால் பம்பைக்காரர். அவர்களிடம் இரண்டே கேள்வி: உள்ளே இருக்கிறவரை நீங்கள் என்னவென்று கூப்பிடுவீர்கள்? இன்றைக்கு நடக்கப்போவதற்கு என்ன பெயர்? சொன்னதைச் சொன்ன எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ராத்திரி அதை மாற்றச் சொல்லி என்னை மாதிரி ஒருத்தன் ஃபோன் பண்ணுவான். மாற்றாதீர்கள்.