அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு நிமிடம்

சிவதாபுரத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

கொலுசுப் பட்டறைக் கூலியை நம்பி மகளைக் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் கல்லூரியில் சீட்டு வாங்கித் தருவதாகச் சொல்லும் அந்தத் தரகருக்கு அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். "மேனேஜ்மென்ட் சீட்டைப் பிடித்துப் போடுங்கள், ஸ்காலர்ஷிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது சேலத்தில் வருஷா வருஷம் மே மாதம் கேட்கிற பேச்சுதான். முதல் பட்டதாரி சலுகை, கலந்தாய்வு வழியாக அரசு ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டால் அது போயிற்று.

மகன் ஐ.டி.ஐ. முடித்திருப்பதால் சலுகை கிடைக்காதோ என்று பயப்பட வேண்டாம். ஐ.டி.ஐ. பட்டம் ஆகாது. தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோரில் பட்டதாரி யாரும் இல்லை என்றால் இ-சேவை மையத்தில் இப்போதே சான்றுக்கு விண்ணப்பியுங்கள், வருமானச் சான்றையும் சேர்த்து. சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டுமே. ஹாஸ்டல், பஸ் செலவு உங்கள் பாடு. அதனால்தான் விருப்பப் பட்டியலில் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியை மேலே போடச் சொல்கிறேன். கட்டணமும் குறைவு, வீட்டிலிருந்தே போய்வரலாம். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காமல் எலக்ட்ரிக்கல் கிடைத்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன். மகள் முறைப்பாள், பேசிப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்த 7.5 சதவீத ஒதுக்கீடும், புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் உங்கள் மகளுக்கு அநேகமாகப் பொருந்தாது. எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்தவள். அவை ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானவை; புதுமைப்பெண் மட்டும் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. எட்டாவது வரை அவள் தனியார் பள்ளியில் படித்தது கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.இ.) இலவச இடத்தில், ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளியில் என்றால் மட்டும் இரண்டையும் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் வருத்தம்தான், ஆனால் அதற்காக அலைந்து பயனில்லை.

அவளுக்குப் பொருந்துவது ஏ.ஐ.சி.டி.இ. என்கிற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தரும் பிரகதி உதவித்தொகை. தொழில்நுட்பப் படிப்பில் முதலாண்டு சேரும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய்; குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்; ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். ஆட்களைத் தேர்ந்தெடுப்பது மதிப்பெண்ணை வைத்துத்தான். எனவே வந்தால் வரட்டும் என்று விண்ணப்பியுங்கள், அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

விண்ணப்பம் தேசிய உதவித்தொகைத் தளத்தில். பல பிள்ளைகளுக்குப் பணம் நிற்பது வங்கியில்தான். பாஸ்புக்கில் ஆதார் எண் ஏறியிருந்தால் போதாது. அரசுப் பணம் வருவதற்கென்று ஆதார் ஒரே ஒரு கணக்கோடுதான் இணைந்திருக்கும். பள்ளியில் திறந்த பழைய ஜீரோ பேலன்ஸ் கணக்கில் இணைந்திருந்து, நீங்கள் புதுக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால், வந்த பணம்கூட வராத மாதிரிதான் தெரியும். ஆதார் தளத்தில் எந்த வங்கி என்று பார்த்துவிடலாம். மார்க் ஷீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்யுங்கள்.

உங்களோடு பட்டறையில் இருக்கும் ஏற்காட்டுக்காரரிடமும் ஒன்று சொல்லுங்கள். பழங்குடிச் சாதிச் சான்றைத் தருவது தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். அதற்கு நாளாகும். வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால் அவர் பையனுக்கு, பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. சான்று கையில் இல்லாமல் அதைக் கேட்க முடியாது.

கட்டணத்துக்கு இன்னும் குறைந்தால் கல்விக் கடன் பற்றிப் பேசுவோம். சீட்டு எங்கே என்று தெரிந்த பிறகு மகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.