பத்து நிமிட நடை

கேள்வி: என் திருமுழுக்குப் பெயர் தெரேசா. இடுப்பெலும்பு முறிந்து இரண்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கும் மாமியாரை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். என்ன செய்தாலும் குறை சொல்கிறார். சில வேளைகளில் எரிந்து விழுந்துவிட்டுப் பிறகு அழுகிறேன். முன்போல அன்றாடத் திருப்பலிக்கும் போக முடிவதில்லை. சிறுமலர் எனப்படும் புனித தெரேசாவின் பெயரைத் தாங்க எனக்கு என்ன தகுதி?

பதில்: அன்புச் சகோதரி, சிலுவையும் ரோஜாக்களும் ஏந்திப் புன்னகைத்து நிற்கும் சுரூபத்தைப் பார்த்துப் பார்த்தே, குழந்தை இயேசுவின் தெரேசாவைக் கோபமே அறியாதவர் என்று நாமாக எண்ணிக்கொண்டோம். 1873-இல் பிரான்சின் அலன்சோனில் பிறந்து, நாலரை வயதில் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, தொட்டதற்கெல்லாம் அழும் சிறுமியாக வளர்ந்தவர் அவர். 15 வயதில் லிசியே நகரின் கார்மேல் சபைக் கன்னியர் மடத்துக்குள் சென்றவர், 1897-இல் தமது 24-ஆம் வயதில் காசநோயால் இறக்கும்வரை அந்தச் சுவர்களுக்குள்ளேயே இருந்தார்.

அந்த மடத்தில் புனித பேதுருவின் பெயர் தாங்கிய நோயுற்ற மூத்த சகோதரி ஒருவர் இருந்தார். மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அவரை எழுப்பி, இடுப்புக் கச்சையைப் பின்னாலிருந்து பிடித்தபடி உணவறைவரை நடத்திச் செல்லும் வேலையை, யாரும் ஏவாமல், நவதுறவியாக, அதாவது துறவுப் பயிற்சியில், இருந்த தெரேசா தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். வேகமாக நடந்தால் விழச் செய்யப்போகிறாய் என்பார் அந்தச் சகோதரி. மெதுவாக நடந்தால் கையை எடுத்துவிட்டாயா என்பார். இவ்வளவு சின்னப் பெண்ணுக்கு இது ஆகாது என்றும் முடிப்பார். (உங்கள் வீட்டுக் குரல் போலவே இல்லையா?) உணவறையில் அவர் ரொட்டியை வெட்டத் திணறுவதைக் கவனித்த தெரேசா, அதையும் தினமும் வெட்டிக் கொடுத்துவிட்டு, தம்மிடம் இருந்ததிலேயே அழகான புன்னகையையும் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் புன்னகைதான் மூதாட்டியின் மனத்தை வென்றது. சாவுக்குச் சில மாதங்களுக்கு முன், நோயோடு இருந்தபோது இதையெல்லாம் எழுதிவைத்தார் என்றால், அந்தப் பத்து நிமிடங்களை அவர் எவ்வளவு பெரிதாக எண்ணினார் என்று பாருங்கள்.

எரிந்து விழுவதைப் பற்றி வருந்துகிறீர்கள். தம்மீது அநியாயமாகப் பழி விழுந்த ஒரு வேளையில், இன்னும் ஒரு நொடி நின்றால் பதிலுக்குப் பேசிவிடுவோம் என்று உணர்ந்த தெரேசா, வாதாடாமல் அங்கிருந்து ஓடிப்போனார். நெஞ்சு படபடத்ததில் தூரம் போக முடியாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பொறுமை அவருக்கும் இயல்பாக வந்ததில்லை. ஆகவே, வாய் தவறும் என்று தோன்றும் நேரத்தில், மாமியாருக்கு ஆபத்தில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஐந்து நிமிடம் கொல்லைப்புறம் போய் நில்லுங்கள். அதை ஒரு தோல்வியாகக் கணக்கு வைக்காதீர்கள்.

திருப்பலியைப் பொறுத்தவரை, கடமையின் பொருட்டு அன்றாடப் பூசையைத் தவறவிடுவது பாவமன்று. செப வேளையில் தாம் ஆண்டுக்கணக்காகத் தூங்கிவிழுந்ததைக்கூட ஒளிக்காமல் எழுதி, தூங்கும் பிள்ளையும் பெற்றோருக்குப் பிரியமானதுதானே என்று அமைதி கொண்டவரைத்தான் திருச்சபை 1925-இல் புனிதராக உயர்த்தி, 1997-இல் மறைவல்லுநர், அதாவது விசுவாசத்தைக் கற்பிக்கும் சிறந்த ஆசிரியர், என்றும் அறிவித்தது.

ஆனாலும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். தெரேசா சுமந்தது நாளுக்குப் பத்து நிமிடம், நீங்கள் சுமப்பது இருபத்துநான்கு மணி நேரம். அவருடைய பெயரைச் சொல்லி இந்த முழுப் பாரத்தையும் ஒருத்தியின் தோளில் ஏற்றிவைப்பது நியாயமாகாது. படுக்கையில் இருப்பவர் உங்கள் கணவரின் தாய். ஞாயிறு காலைப் பூசை நேரத்தில் அவர் தாயருகில் இருக்கட்டும். நாத்தனார், கொழுந்தனார் இருந்தால் மாதத்தில் சில நாட்களை அவர்கள் ஏற்கட்டும். இந்த வாரமே கணவரிடம் பேசுங்கள், மாமியார் தூங்கும் நேரமாகப் பார்த்து.