செவெல் கன்வர்டிபிள்: மீதிப் பணம் அனுப்பலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் வசிக்கிறேன். ஃப்ளோரிடாவில் பழைய கார்கள் விற்கும் ஒருவரிடம் 1970-ஆம் ஆண்டு செவ்ரோலே செவெல் எஸ்.எஸ். 454 (பெரிய 454 கன அங்குல இன்ஜின் கொண்ட ‘சூப்பர் ஸ்போர்ட்’ ரகம்) கன்வர்டிபிள் விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை 92,000 டாலர். ‘அசல் எஸ்.எஸ்., எண் பொருந்தும் இன்ஜின், முழுவதும் பிரித்துப் புதுப்பித்தது’ என்பது விளம்பரம். 5,000 டாலர் முன்பணம் அனுப்பிவிட்டேன். இப்போது வந்துள்ள ஒப்பந்தத்தில் ‘கார் உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது, இதற்கு வெளியே சொன்ன எதுவும் செல்லாது’ என்று இருக்கிறது. எஸ்.எஸ். என்ற பேச்சே இல்லை. ‘சாதாரண செவெல் மாலிபுவை எஸ்.எஸ். ஆக மாற்றியிருப்பார்கள்’ என்கிறார் நண்பர். கையெழுத்துப் போடலாமா? பின்னால் ஏமாற்று என்று தெரிந்தால் இங்கே வழக்குத் தொடரலாமா?

பதில்: இந்த வடிவில் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் நண்பர் விவரம் தெரிந்துதான் பேசுகிறார். 1966 முதல் 1968 வரை செவெல் எஸ்.எஸ். கார்களுக்கு வாகன எண்ணிலேயே (தொழிற்சாலை தரும் அடையாள எண், VIN) ‘138’ என்ற தனி வரிசை இருந்தது. 1969 முதல் எஸ்.எஸ். என்பது கூடுதல் விலைக்குச் சேர்த்துக்கொள்ளும் தொகுப்பாகிவிட்டது. உங்கள் காரின் எண் 13667 என்றுதான் தொடங்க வேண்டும். கடைசி ‘67’ கன்வர்டிபிளைக் குறிக்கும். ஆகவே கூரை திறக்கும் கார் என்பதற்கு அந்த எண் சாட்சி சொல்லும். எஸ்.எஸ். என்பதற்குச் சொல்லாது. வி8 இன்ஜின் போட்ட சாதாரண மாலிபு கன்வர்டிபிளுக்கும் அதே எண்தான். அதே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் போன்டியாக் கார் என்றால் தொழிற்சாலைப் பதிவின் நகலை விலைக்கு வாங்கிப் பார்க்கலாம். அமெரிக்காவில் விற்ற செவெலுக்கு அந்த வசதி இல்லை.

மிஞ்சுவது காகிதங்கள்தான். தொழிற்சாலையில் காரோடு வந்த தயாரிப்புத் தாள் பெட்ரோல் டேங்கின் மேலோ இருக்கை ஸ்பிரிங்குகளுக்கு இடையிலோ கிடைப்பதுண்டு. முதல் விற்பனை ரசீது, உத்தரவாதப் புத்தகத்தில் பதித்த உலோகத் தகடு ஆகியவையும் உதவும். இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்து, இன்ஜின் பிளாக்கின் முன்புறம், வலது பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள சிறிய தட்டையான பரப்பை நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காரின் எண்ணில் ஒரு பகுதி அங்கே அடிக்கப்பட்டிருக்கும். ‘எண் பொருந்தும்’ என்பது இதை வைத்துத்தான். தொழிற்சாலை இயந்திரம் விட்டுச்சென்ற மெல்லிய கோடுகள் அந்தப் பரப்பில் தெரிய வேண்டும். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்து எண் மட்டும் புதிதாகத் தெரிந்தால், பழையதைத் தேய்த்துவிட்டு மறுபடி அடித்தார்களா என்று சந்தேகிக்கலாம். புகைப்படத்தோடு நிற்காமல், விற்பவருக்குத் தொடர்பில்லாத செவெல் நிபுணர் ஒருவரை நேரில் அனுப்புங்கள். 92,000 டாலர் காருக்கு அவர் கூலி பெரிய செலவல்ல.

இனி சட்டம். லூசியானா தவிர எல்லா மாநிலங்களும் ஏற்றுள்ள சீர்மை வணிகச் சட்டத் தொகுப்பின் (UCC) 2-313ஆம் பிரிவின்படி, பொருளைப் பற்றிச் சொன்ன உண்மைக் கூற்றும் விவரிப்பும் உத்தரவாதமாகும். ‘உத்தரவாதம்’ என்ற சொல் இருக்க வேண்டியதில்லை. ‘அருமையான வண்டி’ என்பது வியாபாரப் பேச்சு, ‘அசல் எஸ்.எஸ்.’ என்பது வாக்குறுதி. ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகம் சொல்லாமலே வரும் மறைமுக உத்தரவாதங்களைத்தான் அழிக்கும், வெளிப்படையாகச் சொன்னதை அழிக்காது.

அப்படியானால் பயமில்லையே என்பீர்கள். ஆபத்து இரண்டாவது வாசகத்தில் இருக்கிறது. ‘வெளியே சொன்ன எதுவும் செல்லாது’ என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின், விளம்பரத்தைச் சாட்சியமாகக் கொண்டுவருவதையே 2-202ஆம் பிரிவு தடுக்கக்கூடும். வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நிரூபித்தால் மோசடி வழக்குக்கு வழி உண்டு. ஆனால் ‘காரின் உரிமையாளர் சொன்னார், நான் நம்பினேன்’ என்று அவர் கைவிரித்தால் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்.

ஆகவே விளம்பரத்தில் உள்ளதை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவாருங்கள். ‘இந்தக் கார் தொழிற்சாலையிலேயே எஸ்.எஸ். 454 ஆகத் தயாரானது. இதிலுள்ள இன்ஜின் இந்தக் காருக்கே தொழிற்சாலையில் பொருத்தப்பட்டது. மற்ற வாசகங்கள் எதுவும் இந்த உறுதிமொழியைக் குறைக்காது’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘எண் பொருந்தும்’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். அதே காலத்தில் வார்த்த வேறொரு பிளாக்கைப் போட்டுவிட்டும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. விளம்பரத்தில் தைரியமாகப் போட்டதை ஒப்பந்தத்தில் எழுத மறுப்பவரிடம் நானாக இருந்தால் வாங்க மாட்டேன்.

கலிபோர்னியாவில் வழக்குத் தொடர்வதை அதிகம் நம்பாதீர்கள். சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஒருவர் விஸ்கான்சின்காரரிடமிருந்து 1964 ஃபோர்டு கேலக்ஸி ஒன்றை ஈபே வழியாக 34,106 டாலருக்கு வாங்கினார். அரிதான ‘ஆர் கோட்’ வண்டி (வாகன எண்ணில் ‘R’ என்ற இன்ஜின் குறியீடு உள்ளது) என்றது விளம்பரம். வந்திறங்கியது அதுவல்ல என்றும் இன்ஜின் சுற்றவே இல்லை என்றும் வழக்குப் போட்டார். ஒரே ஒரு விற்பனையை வைத்து வெளிமாநிலத்தவரைக் கலிபோர்னியாவுக்கு இழுக்க முடியாது என்று கலிபோர்னியாவை உள்ளடக்கிய ஒன்பதாம் வட்டார கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் சொல்லிவிட்டது. உங்கள் விற்பனையாளர் கலிபோர்னியாவில் தொடர்ந்து வியாபாரம் செய்பவர் என்று காட்ட முடிந்தால் நிலைமை மாறலாம். ஆனால் ‘வழக்குகள் ஃப்ளோரிடாவில் மட்டுமே’ என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

முன்பணம்: சொன்னபடியான காரை அவரால் தர முடியாவிட்டால் 5,000 டாலரையும் திருப்பிக் கேட்கலாம். கார் சரியாக இருந்து நீங்களாகப் பின்வாங்கினால், ரசீதில் வேறு நிபந்தனை இல்லாத பட்சத்தில், 2-718ஆம் பிரிவின்படி அவர் 500 டாலரையும் நிரூபிக்கக்கூடிய தன் நஷ்டத்தையும் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். ‘திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் இருந்தால் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

மீதிப் பணத்தை அனுப்புமுன் டைட்டிலின் (கார் யாருடையது என்று மாநில அரசு தரும் உரிமைப் பத்திரம்) நகலையும் கேட்டு வாங்குங்கள். இந்த வியாபாரத்தில் பல கார்கள் வேறொருவருடையவை. கடைக்காரர் கமிஷனுக்கு விற்றுக்கொடுப்பவர் மட்டுமே. டைட்டிலில் உள்ள பெயருடையவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். டைட்டிலில் உள்ள எண் டாஷ்போர்டுத் தகட்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கலிபோர்னியாவில் பதிவு செய்யும்போது அதை நேரில் சரிபார்ப்பார்கள்.