கோச்சிங் இல்லாமல், பாடநூலை மட்டும் வைத்து நியூமரிக்கல் மெத்தட்ஸ் (சமன்பாடுகளுக்குத் தோராய விடையைப் படிப்படியாக நெருங்கும் கணிதம்) படிக்க முடியுமா?

முடியும், நான் அப்படித்தான் படித்தேன். நீங்கள் பி.எஸ்சி. கணிதம், தோராயமாக்குவதால் வரும் பிழைகள் பற்றிய முதல் அத்தியாயத்தைத் தள்ளிவிட்டு, தொடுகோடு போட்டு விடையை நெருங்கும் நியூட்டன்-ராப்சன் முறைக்கு நேரே போய்விட்டீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாரும் செய்வது அதுதான்.

தள்ளாதீர்கள். 0.1 என்ற எண்ணை, கணினி பயன்படுத்தும் இருமத்தில் (0, 1 மட்டும் உள்ள முறை) முழுதாக எழுதவே முடியாது. 1991 வளைகுடாப் போரில் சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு, நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது. வெட்டிவிட்ட துளி மிச்சம் 100 மணி நேரத்தில் சேர்ந்து 0.34 நொடியானது. வந்த ஸ்கட் ஏவுகணையைத் தடுக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். பரீட்சைக்கு வராது என்று யார் சொன்னாலும் அந்த முதல் அத்தியாயத்தைப் படியுங்கள்.

எனக்கு வடசென்னையில் தண்டையார்பேட்டை. வகுப்பில் எல்லார் கையிலும் கைடு. நான் மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்த பாடநூல் ஒன்றை வாங்கினேன். விஷயம் பிடிபட்டது கால்குலேட்டரில்தான். 1 அடித்துச் சமக்குறி தட்டுங்கள். பிறகு, அடைப்புக்குள் ஆன்ஸ் (முந்தைய விடையைத் தரும் Ans பொத்தான்) கூட்டல் 2 வகுத்தல் ஆன்ஸ், அடைப்பை மூடி வகுத்தல் 2. இனி சமக்குறியை மட்டும் தட்டுங்கள். 1.5, 1.416666667, 1.414215686, 1.414213562. நாலே தட்டில் இரண்டின் வர்க்கமூலம்! இதுதான் நியூட்டன்-ராப்சன். 1-க்கும் 2-க்கும் நடுவே, இடைவெளியைப் பாதி பாதியாக வெட்டும் பைசெக்‌ஷனில் தேடினால் மூன்று தசம இடத்துக்கே பத்துப் படி ஆகும். குவாட்ராட்டிக் கன்வர்ஜென்ஸ் என்று பாடநூல் சொல்வது இந்த வேகத்தைத்தான். கண்ணால் பார்த்தபின் நிரூபணம் தானாக ஏறியது.

பைத்தான் நிரலில் ஒரு வரியில் வருமே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரும். நானும் வேலையில் அதைத்தான் எழுதுகிறேன். விடை தப்பாக வரும்போது காரணம் தேட, கையால் போட்ட கணக்குதான் உதவுகிறது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் வடசென்னை என்றாலே அரிவாள். பத்துக்குப் பத்து வீட்டில், டிவி சத்தத்துக்கு நடுவே கால்குலஸ் படித்த பெண்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்களை யாரும் காட்டுவதில்லை. பெரிய நூலகம் வேண்டுமா, கோட்டூர்புரம் போ என்பார்கள். இப்போது கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் என்ற படிப்பு மையம் வந்திருக்கிறது, நல்லது, மறுக்கவில்லை. எங்களுக்கு அதுவும் பக்கமில்லை.

சரி, உங்களுக்கு ஒரு கணக்கு. ஓர் எண்ணின் கனத்திலிருந்து அந்த எண்ணின் இருமடங்கைக் கழித்து 2 கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும் (x³ − 2x + 2 = 0). நியூட்டன்-ராப்சனை 0-வில் தொடங்குங்கள்: 1 வரும், மறுபடி 0, மறுபடி 1, முடிவே இல்லை. அடுத்து −2-இல் தொடங்குங்கள். −1.7693-க்கு வந்துவிடும். இரண்டுக்கும் வரைபடம் போட்டு, தொடுகோடுகள் எங்கே போய் வெட்டுகின்றன என்று பாருங்கள்.