மதிலோரத்து எருக்கே போதும்

கேள்வி: ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றில் 5-ஆம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன், வகுப்பில் 26 பிள்ளைகள். வளாகத்தில் ஒரு வேம்பும் ஒரு புங்கமும் மதிலோரத்தில் எருக்கஞ்செடிகளும்தான் உள்ளன. இயற்கையை உற்றுநோக்க இவர்களை எப்படிப் பழக்குவது? கண்டதைப் பிறருக்குச் சொல்ல வைப்பது எப்படி?

பதில்: வேறெங்கும் அழைத்துச் செல்ல வேண்டாம், அந்த எருக்கிலிருந்தே தொடங்குங்கள். செம்மஞ்சள் நிறமுடைய வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி, எருக்கிலையின் அடிப்புறத்தில் ஒவ்வொன்றாக முட்டையிடும். இலையைப் பறிக்காமல் மெல்லத் திருப்பினால், குண்டூசித் தலையளவுகூட இல்லாத வெண்ணிறப் புள்ளியாக முட்டை தெரியும். சில நாட்களில் அதிலிருந்து வெளிவரும் புழு, வளர வளரக் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடும் கொம்பு போன்ற மூன்று இணைக் கரிய இழைகளோடும் காட்சி தரும். முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரை ஏறத்தாழ மூன்று, நான்கு வாரங்களே ஆவதால், ஒரு மாதத்துக்குள் முழுக்கதையையும் பிள்ளைகள் தாமே பார்த்துவிட முடியும்.

வகுப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் செடியருகே நிறுத்தினால் முன்வரிசைதான் பார்க்கும், பின்வரிசை தள்ளும். ஆகவே ஐந்தைந்து பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு செடியைக் கொடுத்து, வாரத்தில் இருமுறை இருபது நிமிடம் அதே செடிக்கே திரும்பத் திரும்பப் போகச் செய்யுங்கள். குறிப்பேட்டில் தேதி, நேரம், ஒரு படம், ஓர் எண்ணிக்கை, ஒரு கேள்வி இருந்தால் போதும். பெயரை முதலில் சொல்லிவிடாதீர்கள். தொடக்கக் காலத்தில் நான் கண்டதற்கெல்லாம் பெயர் சொல்லி வந்தேன். பிள்ளைகள் பெயரை எழுதிக்கொண்டு செடியைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக, புழுவுக்கு எத்தனை கால் என்று கேட்டுப் பாருங்கள்: முன்னால் உள்ள மூன்று இணை மெய்க்கால்களை மட்டும் எண்ணியவர் ஆறு என்பார், பின்னுள்ள ஐந்து இணைப் பொய்க்கால்களையும் சேர்த்தவர் பதினாறு என்பார். அந்தச் சண்டையை உடனே தீர்த்து வைக்காமல் இன்னொரு முறை எண்ணிவரச் சொல்லுங்கள்.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஊறு நேரலாம். ஆதலால் இலையைத் திருப்புவது உங்கள் கையாகவே இருக்கட்டும். முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். புழுவைப் பாட்டிலில் அடைத்து வகுப்புக்குக் கொண்டுவரப் பிள்ளைகள் கெஞ்சுவார்கள், இணங்காதீர்கள். சனி, ஞாயிறில் இலை காய்ந்து புழு செத்துப்போகும். செடியிலேயே விட்டாலும் சில புழுக்கள் குளவிக்கோ பிற பூச்சிகளுக்கோ இரையாகும். "புழுவைக் காணவில்லை" என்பதும் குறிப்பேட்டில் எழுதத்தக்க செய்திதான்.

வேம்பிலும் புங்கத்திலும் வாரம் ஒருமுறை தளிர், மொட்டு, பூ, காய் உண்டா என்று குறித்தால் போதும். இத்தகைய குறிப்புகளைப் பள்ளிகளிடமிருந்து பெறும் சீசன்வாட்ச் என்ற திட்டத்திலும் நீங்கள் பதிவு செய்யலாம். பறவைகளுக்கு, 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நல்ல வாய்ப்பு. அப்போது பள்ளி விடுமுறை என்பதால், அவரவர் தெருவில் பெரியவர் ஒருவர் துணையுடன் பதினைந்து நிமிடம் எண்ணிவரச் சொல்லி, பட்டியலை, பறவைக் குறிப்புகளைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் உங்கள் பெயரிலுள்ள கணக்கில் நீங்களே ஏற்றுங்கள்.

பகிர்தல் என்றதும் கைபேசியை எடுத்துவிட வேண்டாம். முதல் கேட்போர் 3-ஆம் வகுப்புப் பிள்ளைகளாக இருக்கட்டும். அவர்களைச் செடியருகே வரவழைத்து, முட்டை எங்கே இருக்கிறது என்று உங்கள் மாணவர் விளக்கட்டும், நீங்கள் இலையைத் திருப்பிக் காட்டுங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் "இன்று கண்டது" என ஒரே ஒரு வாக்கியம் சொல்லலாம். நன்றாக அமைந்த குறிப்பையும் படத்தையும், 4, 5-ஆம் வகுப்பினருக்காகப் பள்ளிக்கல்வித் துறை வெளியிடும் ஊஞ்சல் இதழுக்கு அனுப்பலாம். இணையத்தில் படம் இடுவதானால் பிள்ளைகளின் முகம் வேண்டாம். பறவைக் கூட்டை நெருங்கிப் படமெடுக்கவும் வேண்டாம். தாய்ப்பறவை கூட்டையே கைவிட்டுவிடக்கூடும்.

இறுதியாக ஒன்று. நான் சென்ற பள்ளி ஒன்றில், ஆண்டு விழாவுக்கு முந்தைய நாள் புதர் என்று எண்ணி எருக்கை வேரோடு வெட்டிவிட்டார்கள், ஒன்பது புழுக்களோடு. இன்றே தலைமையாசிரியரிடமும் தூய்மைப் பணியாளரிடமும் சொல்லிவிட்டு, செடிகளில் ஒரு சிவப்புக் கயிற்றைக் கட்டி வையுங்கள்.